10க்கு 10 றூமில எச்எஸ்5 ஸ்பீக்கர்: பின்னால உள்ள சுவிச்சை எதில விடுறது?

மல்லாவிப் பெடியன்:
வணக்கம் அண்ணையவை. வீட்டில ஒரு அறையை ஸ்ரூடியோ எண்டு மாத்தி வைச்சிருக்கிறன். 10க்கு 10, நாலு பக்கமும் சீமெந்துச் சுவர், நிலத்துக்கு ரைல்ஸ், மேல அஸ்பெஸ்ரோஸ் சீற், சீலிங் இல்லை. யமஹா எச்எஸ்5 ஒரு சோடி. மேசை சுவரோட ஒட்டி, ஸ்பீக்கர் ரெண்டும் மேசையின்ர ரெண்டு அந்தத்தில, கதிரை கிட்டத்தட்ட அறைக்கு நடுவில. பிரச்சினை என்னெண்டா மிருதங்கத்தின்ர தொப்பி (இடக்கைப் பக்கம்) தும் தும் எண்டு ஒரேயடியா அதிருது, அதால ஈக்யூல (மேல் கீழ்ச் சத்தத்தைத் தனித்தனியாக் கூட்டிக் குறைக்கிறது) குறைச்சு விடுறன், பேந்து ஆட்டோவில போட்டுக் கேட்டா மிருதங்கமே இல்லை, காஞ்ச தகரத்தில தட்டின மாதிரிக் கிடக்கு. பேஸ் கிற்றாரின்ர கீழ் நோட்டுகள் நான் இருக்கிற இடத்தில கேக்கவே கேக்காது, எழும்பிப் போய் பின்சுவரில சாய்ஞ்சா எல்லாம் அங்க குவிஞ்சு கிடக்கு. வற்றாப்பளைப் பொங்கலுக்கு முதல் ரெண்டு அம்மன் பாட்டு முடிச்சுக் குடுக்க வேணும். ஸ்பீக்கருக்குப் பின்னால கீழ்ச் சத்தத்தைக் குறைக்கிற றூம் கொன்ரோல் சுவிச் 0, -2, -4 எண்டு கிடக்கு, எதில விடுறது? மேல் சத்தத்துக்கான ஹை ட்ரிம்மையும் தொடலாமோ?

ஏ9 றைடர்:
-4ல விடு தம்பி, சோலி முடிஞ்சுது. இல்லாட்டி ஒரு சப் (கீழ்ச் சத்தத்துக்கெண்டு தனி ஸ்பீக்கர்) வாங்கு.

பரந்தன் சவுண்ட்ஸ்:
சப் வாங்கினா அந்த அறையில இன்னும் நாறும், காசைப் பத்திரமா வையுங்கோ தம்பி. சுவிச்சை இப்ப 0ல விட்டிட்டு முதல்ல கதிரையைப் பாருங்கோ.

ஒலி செக்கனுக்கு 343 மீற்றர் எண்டு சொல்லுறது 20 பாகைக்கு, எங்கட வெயிலுக்கு 35 பாகை எண்டா 352 வரும். 10 அடி எண்டா 3.05 மீற்றர், ரெண்டு சுவருக்கும் இடையில போய்வாற தூரம் 6.1, 352ஐ அதால பிரிச்சா கிட்டத்தட்ட 58 ஹேர்ட்ஸ். அதுதான் உங்கட அறையின்ர முதல் மோட் (சுவருக்கும் சுவருக்கும் இடையில மாட்டுப்பட்டு நிக்கிற அலை), அடுத்தது அதின்ர இரட்டிப்பு 115. அறைக்கு நடுவில 58 செத்துப் போகும், 115 ஊதிப் பெருக்கும், சுவரோரத்தில ரெண்டும் பலமாக் கேக்கும். பேஸ் கிற்றார் ஏ கம்பியில முதல் பிரெற் சரியா 58, அதான் உங்களுக்குக் கேக்கேல்ல. நீளமும் அகலமும் ஒண்டு எண்டதால ரெண்டு பக்கத்து மோடும் ஒரே இடத்தில விழுது, 12க்கு 10 எண்டாலும் கொஞ்சம் பரவிப் போயிருக்கும். சதுர அறை இந்த வேலைக்குச் சரியான சனியன்.

செய்து பாருங்கோ: போனில ரோன் ஜெனரேற்றர் (நீங்கள் சொல்லுற ஹேர்ட்ஸில ஒரே சத்தம் போடுறது) அப் ஒண்டு போட்டு ஸ்பீக்கருக்குக் குடுத்து 40ல இருந்து 200 வரைக்கும் மெல்ல மெல்ல ஏத்துங்கோ, சத்தத்தைக் கூட்டாதேங்கோ, எந்த நம்பரில எழும்புது எதில விழுது எண்டு பென்சிலால மேசையிலயே எழுதுங்கோ. 115க்குக் கிட்ட வரேக்க இரும்பு அலுமாரிக் கதவு கிறுகிறு எண்டு ஆடினாலும் ஆடும். ஆடினா அதுக்குள்ள ஒரு துணியைச் செருகிப்போட்டுத் திரும்ப ஓட்டுங்கோ, இல்லாட்டி அலுமாரியைத்தான் மிக்ஸ் பண்ணிக்கொண்டிருப்பியள்.

மல்லாவிப் பெடியன்:
அண்ணை அலுமாரி உண்மையா ஆடினது 😂 118க்குக் கிட்ட. நடுவில இருந்து கேட்டா 60 பக்கம் ஒண்டுமே இல்லை. அப்ப -4 விட்டா அந்த 118 குறையாதோ?

பரந்தன் சவுண்ட்ஸ்:
குறையும், ஆனா தனிய அது மட்டும் குறையாது. எச்எஸ்5 றூம் கொன்ரோல் 500 ஹேர்ட்ஸுக்குக் கீழ உள்ள எல்லாத்தையும் சேர்த்து இறக்கும், பாடுற ஆளின்ர குரலில உள்ள கனமும் போகும், ஏற்கனவே கேக்காத 58 இன்னும் கீழ போகும். சுவர் கிட்ட இருந்தா பேஸ் மொத்தமா ஏறும், அந்த ஏத்தத்துக்குத்தான் அந்தச் சுவிச். ஒரு நோட்டு மட்டும் துள்ளுறதுக்கு அதால ஒண்டும் ஏலாது.

இடத்தை இப்பிடி மாத்துங்கோ. மேசையைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்து, ஸ்பீக்கர் கோன் முன்சுவரில இருந்து ஒரு அடி தள்ளி (எச்எஸ்5க்குப் போர்ட், அதாவது காத்து வாற ஓட்டை, பின்னால, மூச்சு விட இடம் வேணும்), ரெண்டுக்கும் இடையில மூண்டரை அடி, உங்கட தலையும் ஒவ்வொண்டுக்கும் மூண்டரை அடி. அப்ப தலை முன்சுவரில இருந்து நாலடியில வரும், நடு இல்லை. அறை நீளத்தில 38 வீதம் எண்டு எல்லாரும் சொல்லுற இடத்துக்குக் கிட்டத்தான். பக்கச் சுவரில இருந்து ரெண்டரை அடியில ஸ்பீக்கர் நிண்டா அகலப் பக்கத்து 115 கிளம்பவே மாட்டுது, ஆனா அப்பிடி வைச்சா ரெண்டு ஸ்பீக்கரும் தலையும் சேர்ந்த முக்கோணம் பெருத்துத் திரும்ப நடுவுக்குத் தள்ளும், அதால மூண்டேகால் அடியில விட்டு அரைகுறையா ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். இடதும் வலதும் சுவரில இருந்து ஒரே தூரம், இதில மட்டும் விட்டுக்குடுக்காதேங்கோ.

கிளிநொச்சி கீஸ்:
நான் கொஞ்சம் வேற மாதிரி நினைக்கிறன். இந்தக் காலத்தில மெஷர்மென்ற் மைக் ஒண்டு வாங்கி ஆர்ஈடபிள்யூ எண்ட அறை அளக்கிற சொப்ட்வெயார் இறக்கினா (அது சும்மா கிடைக்கும்) படம் போட்டே காட்டும், பிறகு கரெக்‌ஷன் சொப்ட்வெயார் ஒண்டு போட்டா எல்லாம் சமமாகும், ஏன் அளவுகோலோட கஷ்டப்படுவான்.

பரந்தன் சவுண்ட்ஸ்:
மைக் நல்ல விசயம், அளக்கிறதில சண்டை இல்லை. சமமாகும் எண்டதுதான் பிழை. எழும்பினதை ஈக்யூவால வெட்டலாம். 58ல உள்ள பள்ளம் சுவரில பட்டு வாற அலை நேர் அலையை அடிச்சுப் போடுறதால வாறது, நீங்கள் கூட்டிக் குடுத்தா திரும்பி வாறதும் சேர்ந்து கூடும். 6 டெசிபல் கூட்டினா அம்பிளிபயர் நாலு மடங்கு குடுக்க வேணும், எச்எஸ்5 ஊஃபருக்கு இருக்கிறது 45 வாற். அஞ்சு இஞ்சிக் கோன், பாவம்.

முள்ளியவளை அக்கா:
தம்பி முட்டை மட்டை, பாயெல்லாம் ஒட்டிப்போடாதேங்கோ, சும்மா தூசிதான் மிச்சம். மெல்லிசாத் துணி, ஸ்பொன்ஞ் போட்டா மேல் சத்தம் மட்டும் சாகும், தும் தும் அப்பிடியே இருக்கும், பிறகு ஹை ட்ரிம்மைக் கூட்ட வேணும் போல தோணும். பழைய தும்பு மெத்தை ரெண்டு மூண்டை மடிச்சுப் பின்மூலையளில நிலத்தில இருந்து ஆளுயரத்துக்கு அடுக்குங்கோ, தடிப்பு எவ்வளவு கூடுதோ அவ்வளவுக்கு நல்லம், ரைல்ஸில ஒரு கம்பளம். சீற்றைப் பற்றிக் கவலைப்படாதேங்கோ, அது மெல்லிசு, கீழ்ச் சத்தத்தில கொஞ்சம் வெளிய போயிடும், கொங்கிறீற் தட்டு போல திருப்பி அடிக்காது. மழைக்குத்தான் ரெக்கோடிங் செய்யேலாது.

மல்லாவிப் பெடியன்:
இழுத்து வைச்சிட்டன் அண்ணை, நோட்டெல்லாம் ஓரளவு ஒரே அளவில கேக்குது. தும்பு மெத்தை அம்மம்மா வீட்டில கிடக்கு அக்கா, கேட்டுப் பாப்பம். இப்ப சுவிச்?

பரந்தன் சவுண்ட்ஸ்:
மெத்தை வந்தாப் பிறகு நல்லாத் தெரிஞ்ச ரெண்டு பாட்டைப் போட்டுக் கேளுங்கோ, மொத்தமா அடி கனமா இருந்தா -2, இல்லாட்டி 0. ஹை ட்ரிம் 0. பிறகு மாத்தாதேங்கோ, காது பழக வேணும். கோயிலில குழாய் ஸ்பீக்கரிலதான் போடுவினம், அதில கீழ் சத்தம் வராது, அதால தொப்பி தெரிய வேணுமெண்டா அடி விழுற நுனிச் சத்தம் 1000, 2000 பக்கம் கொஞ்சம் நிக்கட்டும். போனிலயும் ஒருக்காப் போட்டுப் பாருங்கோ, போனில தொப்பி விளங்கினா குழாயிலயும் விளங்கும்.