80-ஐத் தாண்டினால் ஸ்டியரிங் உதறுகிறது, பேலன்சிங் பார்த்தும் போகவில்லை

கேள்வி:
வணக்கம். ஏழு வருடப் பெட்ரோல் வண்டி, 62,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஊருக்குள் ஒரு தொந்தரவும் இல்லை. போன வாரம் ஜிஎஸ்டி சாலையில் பரனூர் டோல் தாண்டிக் கொஞ்சம் மிதித்தேன், 80-ல் ஆரம்பித்து 95 வரை ஸ்டியரிங் கிடுகிடுவென்று உதறியது, 105 போனால் அடங்குகிறது. கடையில் அலைன்மென்ட், பேலன்சிங் இரண்டும் செய்தாச்சு, நாலு சக்கரத்துக்கும் மிஷின் பூஜ்யம் காட்டியது. ஹைவே ஏறினால் அதே உதறல். இன்னொரு மெக்கானிக் டிரைவ் ஷாஃப்ட்டை (எஞ்சின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு) மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?

பதில்:
அவசரப்பட்டு ஷாஃப்ட்டில் கை வைக்காதீர்கள். ரோடு காலியாக இருக்கும்போது, உதறுகிற வேகத்தில் நியூட்ரலுக்குத் தள்ளிப் பாருங்கள். (சாவியை மட்டும் அணைத்துவிடாதீர்கள், பவர் ஸ்டியரிங் போய்விடும், பிரேக்கும் கல்லாகிவிடும்.) அப்போதும் உதறினால் எஞ்சின், அதைத் தாங்கும் மவுண்ட் பக்கம் போகவே வேண்டாம். ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது நடுங்கி, காலை எடுத்ததும் நின்றால்தான் ஷாஃப்ட்டின் உள்பக்க ஜாயின்ட் மேல் சந்தேகம். பிரேக் பிடித்தால் மட்டும் என்றால் டிஸ்க். அலைன்மென்ட் கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும், இந்த மாதிரி உதறாது. ஆனால் கடைக்குப் போனதும் முதலில் அதற்குத்தான் பில் போடுவார்கள்!

கேட்டவர்:
நியூட்ரலிலும் அப்படியே உதறுகிறது அண்ணே. பிரேக்கில் ஒன்றுமில்லை.

இன்னொரு பதில்:
அப்படியானால் டயர் அல்லது ரிம். முன் சக்கரங்களைப் பின்னால் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். ஸ்டியரிங் அமைதியாகி சீட்டுக்கடியில் நடுங்கினால் ஆள் பின்னால் போய்விட்டான் என்று அர்த்தம். பேலன்சிங் மிஷின் எடை சமமாக இருக்கிறதா என்றுதான் பார்க்கும், டயர் வட்டமாக இருக்கிறதா என்று பார்க்காது. கோணல் டயருக்கும் ரிம்மில் ஈய எடை ஒட்டிப் பூஜ்யம் காட்டிவிடலாம். ஜாக்கி போட்டுத் தூக்கி, செங்கல் மேல் ஒரு ஸ்க்ரூ டிரைவரை டயரை ஒட்டினாற்போல் வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள்.

கேட்டவர்:
கிடைத்துவிட்டது! மாற்றிப் போட்டதும் நடுக்கம் சீட்டுக்கு வந்துவிட்டது. பின் இடதுபக்கத்தைத் தூக்கிச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் ஸ்க்ரூ டிரைவர் டிக் என்று உரசுகிறது. உள்ளங்கையால் தடவினால் அங்கே டயர் பட்டன்களுக்கு நடுவே விரல் நீளத்துக்கு ஒரு புடைப்பு. ஓரத்தில் 2318 என்று இருக்கிறது. போன மாதம் மழைத்தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் தடாலென்று இறக்கியதுகூட இதே சக்கரம்தான்.

முதலில் பதில் சொன்னவர்:
2318 என்றால் 2018-ன் 23-வது வாரத்தில் செய்த டயர். உள்ளே கம்பி அடுக்கு பிரிந்திருக்கிறது, வேகத்தில் வெடிக்கலாம். அதை இனி ஓட்டவே ஓட்டாதீர்கள். ஸ்டெப்னியை மாட்டி மெதுவாகக் கடைக்குப் போய், ஒரே ஆக்சிலுக்கு இரண்டு புது டயராக வாங்குங்கள். ஷாஃப்ட் காசு மிச்சம்.

கேட்டவர்:
ஸ்டெப்னியை எடுத்தேன். அதில் காற்று 12 தான் இருக்கிறது. பக்கத்து வீட்டில் பம்பு கேட்கப் போகிறேன்.