புதுப்பிப்பு: விடுதியில் அழுதுகொண்டிருந்த மகள்

விடுதியில் சேர்த்த மகள் ராத்திரி போனில் அழுகிறாள், திரும்பக் கூட்டி வந்துவிடலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். கூட்டி வரவில்லை. நீங்கள் சொன்னபடி, அவள் பல தடவை படித்து அட்டை கிழிந்துபோன கதைப் புத்தகத்தையே கொடுத்தனுப்பினேன். தெரியாத இடத்தில் முடிவு தெரிந்த கதைதான் துணை போலிருக்கிறது. பேசும் நேரத்தையும் சாயங்காலத்துக்கு மாற்றினோம். பகலில் விளையாட்டில் மறந்துவிடுகிறாள், விளக்கை அணைத்த பிறகுதான் வீட்டு ஞாபகம்.

அப்புறம் ஒரு நோட்டு. டைரி எழுது என்றேன், மாட்டேன் என்றாள் (சொன்னதைக் கேட்டால் என் மகளா?). பூனைக்குக் கடிதம் எழுதுகிறாளாம். ஞாயிற்றுக்கிழமை காட்டினாள். முதல் நான்கு பக்கங்களில் மை கரைந்திருந்தது. ஐந்தாவதில் பக்கத்துக் கட்டில்காரியின் குறட்டையைப் பற்றி முழுப் பக்கப் புகார். அழுகை நிற்கவில்லை; வாரம் ஒருமுறை என்று குறைந்திருக்கிறது.