வேதம் வாசிக்கிறேன், ஆனால் உள்ளே எதுவும் போகவில்லை

விடியல்:
ஒன்றரை வருடமாக ஓராண்டு வாசிப்புத் திட்டத்தை வைத்து வேதாகமம் வாசிக்கிறேன். தினமும் மூன்று நான்கு அதிகாரம், முடித்ததும் டிக். 1189 அதிகாரமும் ஒரு முறை முடிந்து, இரண்டாவது முறை பாதியில் இருக்கிறேன். சில மாதங்களுக்கு முன் அம்மா இறந்துவிட்டார்கள். அதிலிருந்து கண் வரி மேல் ஓடுகிறதே தவிர மனதில் ஒன்றும் தங்குவதில்லை. தெரிந்தவர்கள் எல்லாரும் எரேமியா 29:11 அனுப்புகிறார்கள், "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்று. அன்பாகத்தான் அனுப்புகிறார்கள், ஆனால் அதைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன். ஒரு வசனத்தைப் பார்த்து எரிச்சல் வருவது பாவமா? வாசிப்பு உங்களில் யாரையாவது நிஜமாகவே மாற்றியிருக்கிறதா?

பழைய பென்சில்:
அம்மாவைப் பற்றிப் படித்ததும் மனது கனத்துவிட்டது. பாவம் இல்லை. சங்கீதம் 88 வாசித்துப் பாருங்கள். புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் எப்படியாவது துதிக்குத் திரும்பிவிடும். 13ஆம் சங்கீதம் "எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கினாலும் ஆறே வசனத்தில் "அவரைப் பாடுவேன்" என்று வந்துவிடுகிறது. 88 அப்படித் திரும்புவதே இல்லை, "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்பதோடு நின்றுவிடுகிறது. என் மகன் ஐசியூவில் கிடந்த பதினொரு நாளும் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து நான் வாசித்தது இது ஒன்றைத்தான். இப்படிக்கூட ஜெபிக்கலாம், அதையும் வேதத்திலேயே வைத்திருக்கிறார்கள் என்று புரிந்தபோதுதான் எனக்கு மூச்சு விட முடிந்தது. கொஞ்ச நாள் டிக் போடுவதை நிறுத்திவிடுங்கள், ஒரு சங்கீதம் போதும்.

கடுகுவிதை:
மாற்றியிருக்கிறதா என்று கேட்டீர்களே, என்னை மாற்றியது மத்தேயு 5:23. சின்ன வயதிலிருந்து கேட்ட வசனம்தான். அண்ணனை நான் மன்னித்துவிட்டேன், என் பக்கம் பாக்கி எதுவும் இல்லை என்று நான்கு வருடம் நிம்மதியாக இருந்தேன். ஒரு நாள் காலை சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தபோது "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" என்ற இடத்தில் நாக்கு நின்றுவிட்டது. எனக்கு அவர்மேல் என்ன குறை என்று அந்த வசனம் கேட்கவே இல்லை, அவருக்கு என்மேல் என்ன என்று கேட்கிறது. அப்பாவின் வீட்டை விற்றபோது நான் அவருக்கு முழுக் கணக்கையும் காட்டவில்லை, அது எனக்குத் தெரியும். அன்று மத்தியானமே போன் செய்தேன். மூன்றாவது தடவைதான் எடுத்தார், "சொல்லு" என்றார், வேறு ஒன்றும் சொல்லவில்லை. கணக்கு நோட்டையும் பணத்தையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். இன்னும் பழையபடி இல்லை, ஆனால் பேசிக்கொள்கிறோம். ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பறித்த கதையை நாத்தான் தீர்க்கதரிசி சொல்லி முடித்து "நீயே அந்த மனுஷன்" என்றபோது, அடுத்தவன் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீது ராஜாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு இப்போது தெரியும்.

ஒலிவக்கிளை:
விடியல், அந்த 29:11ஐ மறுபடி எடுங்கள், ஆனால் தனியாக வேண்டாம், 28ஆம் அதிகாரத்திலிருந்து வாசியுங்கள். 29ஆம் அதிகாரம் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதம். அதற்கு முன், 28இல், அனனியா என்ற ஒருவன் இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஜனங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான். எரேமியாவின் கடிதமோ எழுபது வருடம் என்கிறது, அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளைப் பெறுங்கள் என்கிறது. அந்தக் கடிதம் கேட்டவர்களில் நிறையப் பேர் ஊர் திரும்பாமலே இறந்திருப்பார்கள். அவர்களிடம்தான் சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்று சொல்கிறார். அந்த வசனம் உங்கள் துக்கத்தைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லவே இல்லை. அப்புறம் இன்னொன்று, தனியாக வாசிக்காதீர்கள். அப்போஸ்தலர் 8இல் ரதத்தில் உட்கார்ந்து ஏசாயா வாசித்த எத்தியோப்பிய மந்திரியும், ஒருவன் தெரிவிக்காவிட்டால் எனக்கு எப்படித் தெரியும் என்றுதான் சுவிசேஷம் சொல்ல வந்த பிலிப்புவைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டார்.

விடியல்:
எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி 88ஐ வாய்விட்டு வாசித்தேன். முதல் வசனத்தில் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று கூப்பிட்டுவிட்டுத்தான் மற்ற எல்லாவற்றையும் கொட்டுகிறார், அதைக் கவனித்தேன். கடைசி வசனம் வரும்போது அழுதுவிட்டேன், அம்மா போன பிறகு முதல் தடவையாக. இன்று டிக் போடவில்லை. தங்கையிடம் எரேமியா 28ஐ இருவரும் சேர்ந்து வாசிக்கலாமா என்று கேட்டிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றாள்.