கடன் வாங்கிச் சட்டம் படித்தபோது வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் என்ன செய்தீர்கள்?

நியூஜெர்சியில் 2025-இல் படிப்பை முடித்தவர்:

நான் 2022 ஆகஸ்டில் ஜே.டி. என்ற அமெரிக்கச் சட்டப் பட்டப் படிப்பில் சேர்ந்தேன். கிரீன் கார்டு இருந்ததால் அமெரிக்க அரசின் கல்விக்கடன் கிடைத்தது. அப்போது ஆண்டுக்கு 20,500 டாலர் வரை தந்த நேரடிக் கடன் கல்லூரிக் கட்டணத்துக்கே போதவில்லை. ஆகவே மீதிக் கட்டணம், வாடகை, மளிகை எல்லாம் மேற்படிப்பு மாணவர்களுக்கு அரசே தந்த, வட்டி கூடுதலான கிராட் பிளஸ் கடனின் தலையில் விழுந்தன. முதல் ஆண்டில் வாங்கிய தொகைக்கு வட்டி 7.54 சதவீதம், மூன்றாம் ஆண்டுத் தொகைக்கு 9.08. போதாக்குறைக்கு 4.228 சதவீதத்தைக் கடன் தருவதற்கான கட்டணமாக முதலிலேயே பிடித்துக்கொண்டார்கள். 10,000 டாலருக்குக் கையெழுத்திட்டால் கைக்கு வந்தது 9,577 டாலர்தான். வட்டியோ முழுப் பத்தாயிரத்துக்கும், பட்டுவாடாவான நாளிலிருந்தே ஏறியது.

ஆனால் என்னைத் திணற வைத்தது தொகையைவிட அது வந்து சேர்ந்த நேரம். வீட்டுக்காரர் ஆகஸ்ட் 1 அன்றே முதல் மாத வாடகையையும் ஒன்றரை மாத முன்பணத்தையும் கேட்டார். கல்லூரி தன் கட்டணத்தை எடுத்துக்கொண்டு மீதியை என் கணக்கில் போட்டபோது வகுப்பு தொடங்கி இரண்டாம் வாரம் ஆகியிருந்தது. இடைப்பட்ட நாட்களைக் கிரெடிட் கார்டிலும் சித்தி கொடுத்தனுப்பிய ஒரு மூட்டைப் பொன்னி அரிசியிலும் ஓட்டினேன். கணக்கில் ஐந்து இலக்கத் தொகையைப் பார்த்த மயக்கத்தில், அது டிசம்பர் வரைக்குமானது என்பதை மறந்து புது மடிக்கணினி வாங்கினேன். நவம்பர் இறுதியில் வாடகை போக 212 டாலர் மிஞ்சியது. தேர்வுக்குப் படித்த வாரங்கள் முழுவதும் ரசமும் அவித்த முட்டையும்தான். ஜனவரியிலிருந்து, வந்த பணத்தை வேறொரு சேமிப்புக் கணக்கில் போட்டு, திங்கள்தோறும் 150 டாலர் மட்டும் செலவுக் கணக்குக்குத் தானாக மாறும்படி செய்தேன்.

இன்னொன்று: பட்டுவாடாவான 120 நாட்களுக்குள் வேண்டாத தொகையைத் திருப்பினால், அந்தப் பகுதிக்கான கடன் கட்டணமும் வட்டியும் ரத்தாகும். இரண்டாம் ஆண்டில் 1,800 டாலரை அப்படித் திருப்பினேன்.

சிகாகோவிலிருந்து ஒருவர்:

நீங்கள் சொல்லாத ஒரு பள்ளம் கோடைக்காலம். என் கல்லூரி வாழ்க்கைச் செலவை ஒன்பது மாதங்களுக்கே கணக்கிட்டது. வீட்டு ஒப்பந்தமோ பன்னிரண்டு மாதங்களுக்கு. முதலாண்டுக் கோடையில் ஒரு நீதிபதியிடம் ஊதியமில்லாப் பயிற்சி கிடைத்தது. மறுக்க மனம் வரவில்லை, ஆகவே அறையை மூன்று மாதங்களுக்கு உள்வாடகைக்கு விட்டுவிட்டு நண்பரின் சோபாவில் தூங்கினேன். பட்டம் பெற்ற பிறகும் இதே கதைதான். வழக்கறிஞர் உரிமம் பெற எழுதும் பார் தேர்வின் கட்டணத்தைக் கல்லூரி செலவுக் கணக்கில் சேர்த்துக்கொண்டது. ஆனால் மே மாதம் முதல் ஜூலை இறுதித் தேர்வு வரை வீட்டு வாடகைக்கு அரசுக் கடன் கிடையாது. அதற்குத் தனியார் வங்கியில் வாங்கிய கடனைத்தான் முதல் சம்பளத்தில் அடைக்கத் தொடங்கினேன்.

வரும் ஆகஸ்டில் மகனைச் சேர்க்கவிருக்கும் ஒரு தாய்:

உங்கள் இருவருக்கும் இருந்த கிராட் பிளஸ் கதவு என் மகனுக்கு இல்லை. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டத்தின்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு அது கிடையாது. சட்டப் படிப்புக்கான அரசுக் கடனுக்கு ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அவனுக்குப் பிடித்த கல்லூரியில் கட்டணம் மட்டுமே அந்த வரம்பைத் தாண்டுகிறது. சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் தனியார் கடன்தான் வழி, அதற்கு என் கணவர் பிணைக் கையெழுத்திட வேண்டும். அவருக்கு வயது 61. ஒரு மாதம் பேசிப் பேசி, உதவித்தொகை தந்த மாநிலக் கல்லூரியையே மகன் தேர்ந்தெடுத்தான். வீட்டிலிருந்து ரயிலில் ஐம்பது நிமிடம். கீழ்த்தள அறையில் கிடந்த பழைய பெட்டிகளை அகற்றி, போன வாரம்தான் அவனுக்கு மேசை போட்டோம்.