மிளகு ௮ பலமா, ‘அ’ பலமா? பழைய நூல்களின் மறுபதிப்பு பற்றி ஒரு சண்டை

ஏட்டுப்பூச்சி:
போன மாதம் 1890களில் அச்சான ஒரு சித்த வைத்திய நூலின் மறுபதிப்பை ஆன்லைனில் வாங்கினேன். பழைய பிரதியை ஸ்கேன் செய்து அப்படியே அச்சடித்தது. 112 முதல் 115 வரை பக்கங்களைக் காணோம், 61ஆம் பக்கம் இரண்டு முறை, ஒரு பக்கத்தில் படம் எடுத்தவரின் கட்டைவிரல். சரி என்று அதே நூலைப் புதிதாக எழுத்துக் கோத்து வெளியிட்ட இன்னொரு பதிப்பை வாங்கினேன். அது இன்னும் மோசம். மூலத்தில் ‘மிளகு ௮ பலம்’ என்று இருக்கிறது (௮ என்றால் எட்டு, பலம் பழைய எடையளவு), புதிய பதிப்பில் ‘மிளகு அ பலம்’. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் ஓசிஆர் மென்பொருள் தமிழ் எண்ணை எழுத்தாகப் படித்துவிட்டது, யாரும் திருத்தவில்லை. ‘சுக்கு ௨’ (இரண்டு) என்பது ‘சுக்கு உ’ ஆகிவிட்டது. விரல் தெரிந்தாலாவது சிரித்துவிட்டுப் போகலாம். அளவு மாறினால் யார் வயிறு பதில் சொல்வது?

என் கட்சி இதுதான்: நூறு வருடத்துக்கு முந்தைய நூலை ஒளிநகலாக மட்டுமே மறுபதிப்பு செய்ய வேண்டும், புதிதாகக் கோக்கவே கூடாது. நூலின் பெயர் வேண்டுபவர்களுக்குத் தனிச்செய்தியில் சொல்கிறேன்.

அச்சுக்கோப்பு மணி:
முப்பது வருடமாக மெய்ப்புப் பார்ப்பவன், அதனால் கோபத்தோடுதான் எழுதுகிறேன். உங்களுக்குக் கிடைத்தவை இரண்டும் சோம்பேறிப் பதிப்புகள். அதற்காகக் கோப்பதையே தடை செய்வீர்களா? பழைய பாட்டுப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள், சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளியே இருக்காது. 1950களில் பதிப்பாளர் மர்ரே ராஜம் சந்தி பிரித்து, ஒரு ரூபாய் விலையில் வெளியிட்ட பிறகுதான் சங்க நூல்கள் சாதாரண வீட்டு அலமாரிக்கு வந்தன. அன்றைக்கும் யாராவது ‘மூலத்தைத் தொடாதே’ என்று மறியல் செய்திருந்தால் என் அப்பாவுக்குக் குறுந்தொகை கிடைத்திருக்காது.

ஏட்டுப்பூச்சி:
மணி ஐயா, பிரித்தது சரி. வெட்டியது? பழைய நூலின் முன்பக்கத்தில் நூலைப் புகழ்ந்து மற்றவர் பாடிய சாற்றுக்கவி இருக்கும், பணம் கொடுத்து ஆதரித்தவர் பெயர் இருக்கும், அச்சுக்கூடத்தின் பெயரும் அணாக் கணக்கில் விலையும் இருக்கும், கடைசிப் பக்கத்தில் தைல விளம்பரம் இருக்கும். புதிதாகக் கோக்கிறவர்கள் முதலில் தூக்கி எறிவது இதைத்தான். அந்த ஊரில் அந்தக் காலத்தில் யார் படித்தார்கள், யார் காசு கொடுத்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி ஏது?

அப்புறம் பின்னக் குறிகள். கால், அரைக்கால், மாகாணி (பதினாறில் ஒன்று) எல்லாவற்றுக்கும் தனிக் குறி உண்டு. அவை கணினி எழுத்துத் தரமான யூனிகோடுக்குள் வந்ததே 2019இல். உங்கள் கணினியில் எத்தனை எழுத்துருவில் அவை சரியாகத் தெரிகின்றன, சொல்லுங்கள்.

ஒளிவருடி:
இரண்டு பேரும் காகிதத்தையே கட்டிக்கொண்டு அழுகிறீர்கள். நல்ல ஸ்கேனை இலவசமாக இணையத்தில் போட்டால் யாருக்கு எந்த வடிவம் வேண்டுமோ அவர் அதைச் செய்துகொள்ளட்டும். நான் இதுவரை சுமார் 300 புத்தகம் ஏற்றியிருக்கிறேன்.

ஒரு விஷயத்தில் ஏட்டுப்பூச்சி பக்கம். இருபது வருடத்துக்கு முன்பு எடுத்த ஸ்கேன்களில் பல வெறும் கறுப்பு வெள்ளை, நடுவில் சாம்பல் நிறமே கிடையாது. மை மங்கிய பக்கத்தில் புள்ளிதான் முதலில் காணாமல் போகும். ‘க்’ எல்லாம் ‘க’ ஆகிவிடும். அதனால் வண்ணத்தில், 400 டிபிஐக்கு (ஓர் அங்குலத்தில் பதிவாகும் படப்புள்ளிகள்) குறையாமல் எடுங்கள். இடம் அடைக்கிறது என்று அழ வேண்டாம், ஹார்டு டிஸ்க் இன்று மலிவு.

வேகம் வேண்டுமென்றால் முதுகை வெட்டித் தனித்தனித் தாளாக்கி மெஷினில் விடுவதே வழி. ஒரு நாளில் ஏழெட்டுப் புத்தகம் முடியும்.

வளவுவீட்டுப் பெண்:
இத்தனை நாள் படித்துவிட்டு மட்டும் போனேன், அந்தக் கடைசி வரிக்காக எழுதுகிறேன். எங்கள் தாத்தா நான்கு மரப்பெட்டி நிறையப் புத்தகம் வைத்துவிட்டுப் போனார். ஆறு வருடத்துக்கு முன்பு ஒருவர் ஸ்கேன் செய்து தருகிறேன் என்று 22 புத்தகம் வாங்கிப் போனார். திரும்பி வந்தது ரப்பர் பேண்டு போட்ட தாள்கட்டு. அட்டை இல்லை, தைத்த நூல் இல்லை, ஓரத்தில் தாத்தா எழுதிய குறிப்புகளில் பாதி வெட்டோடு போய்விட்டது. அன்று பூட்டிய பெட்டி, இன்னும் பூட்டித்தான் இருக்கிறது.

எங்கள் பக்கத்துக் கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பும் இப்படித்தான் ஒரு வீட்டில் இருந்தது. அவர் 1992இல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, 1994இல் சென்னையிலேயே நூலகமாக்கினார்கள். நுண்படமும் (மைக்ரோஃபிலிம்) எடுத்தார்கள், புத்தகத்தையும் வைத்திருக்கிறார்கள். இரண்டும் முடியும் என்றால் வெட்டுவானேன்?

நல்லூரான்:
அக்கா, உங்கட கோபம் விளங்குது. ஆனால் பெட்டியைப் பூட்டுவது பாதுகாப்பு இல்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. பூட்டும் இருந்தது, சுவரும் இருந்தது, இன்னோர் இடத்தில் பிரதி மட்டும் இல்லை. ஈழத்து நூல்களை மின்வடிவில் இணையத்தில் சேர்க்க 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் எங்களுக்கு வெறும் வலைத்தளம் இல்லை. ஒரு சின்ன ஊர்ச் சங்கத்தின் மலர்கூட அதில் கிடக்கும்போது ஒரு ஆறுதல்.

1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் என்ற கிறித்தவ நூலை எடுங்கோ. பதினாறே பக்கம். இன்று அறியப்பட்ட ஒரே பிரதி இருப்பது ஹார்வர்டில். ஒற்றைப் பிரதி என்பது நூலிழையில் தொங்குவது மாதிரி.

வளவுவீட்டுப் பெண்:
தம்பி, நீங்கள் நெருப்பைச் சொல்கிறீர்கள், நான் கத்தியைச் சொல்கிறேன். என் புத்தகத்துக்கு நெருப்பு வரவில்லை, கத்திதான் வந்தது.

ஒளிவருடி:
அம்மா, அந்த ஆள் நான் இல்லை. ஆனாலும் அந்த வரியைத் திரும்பப் பெறுகிறேன். நான் வெட்டியது ஏற்கனவே பிரிந்து தொங்கியவற்றைத்தான். அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

வேறு வழி இருக்கிறது. ‘வி’ வடிவத் தொட்டிலில் புத்தகத்தைப் பாதி திறந்த நிலையில் வைத்து, மேலே கண்ணாடி இறக்கி, இரண்டு பக்கமும் இரண்டு கேமராவில் எடுக்கலாம். முதுகுக்குச் சேதம் வராது. மெதுவான வேலை, அவ்வளவுதான். ஆனால் நல்லூரான் சொல்கிற அவசரம் பொய்யில்லை. மரக்கூழில் செய்து படிகாரம் சேர்த்த அந்தக் காலத் தாளுக்குள்ளேயே அமிலம் இருக்கிறது. மூலையை இரண்டு முறை மடித்தால் ஒடியும். தயவுசெய்து செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட்டும் செய்யாதீர்கள்.

தேங்காய்ச்சில்:
குறுக்கே ஒரு கேள்வி. இதையெல்லாம் இணையத்தில் போடக் காப்புரிமை?

ஒளிவருடி:
இந்தியாவில் ஆசிரியர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு கழிந்தால் யாரும் வெளியிடலாம். இன்றைய பதிப்பாசிரியர் எழுதிய முன்னுரையும் குறிப்புரையும் அவருடையவை, அதைச் சுடக் கூடாது.

அச்சுக்கோப்பு மணி:
எண் விஷயத்தில் ஏட்டுப்பூச்சிக்கு ஒரு படி இறங்குகிறேன். வைத்தியம், சோதிடம், கணக்கு நூல்களில் இடப்பக்கம் ஒளிநகல், வலப்பக்கம் புதுக்கோப்பு என்று போடலாம். இலக்கியத்துக்கு அது தேவையில்லை என்பதில் மாற்றமில்லை.

ஏட்டுப்பூச்சி:
புத்தகம் இரட்டைத் தடிமன், விலையும் கூடும். நூறு பேர்கூட வாங்க மாட்டார்கள்.

அச்சுக்கோப்பு மணி:
இப்போது மட்டும் ஆயிரம் பேரா வாங்குகிறார்கள்? யாராவது கேட்கும்போது மட்டும் அச்சடிக்கிற காலம் இது. பத்துப் பிரதி போதும்.

வளவுவீட்டுப் பெண்:
ஏட்டுப்பூச்சி தனிச்செய்தியில் சொன்ன பெயரில் ஒரு புத்தகம் இரண்டாவது பெட்டியில் இருக்கிறது. இன்று திறந்தேன். முகப்பு இல்லை, மூன்றாம் பக்கத்தில் தொடங்குகிறது. 112 முதல் 115 வரை இருக்கின்றன. ஒளிவருடி தம்பி தொட்டிலோடு வரட்டும், கத்தி இல்லாமல். புத்தகம் வாசற்படி தாண்டாது, திண்ணையிலேயே எடுத்துக்கொள்ளலாம்.

ஏட்டுப்பூச்சி:
அம்மா, ஒன்றே ஒன்று பார்த்துச் சொல்ல முடியுமா? மிளகு ௮ பலம்தானே?

வளவுவீட்டுப் பெண்:
௮ தான். பக்கத்தில் தாத்தா பென்சிலால் ‘௬ போதும்’, அதாவது ஆறு போதும் என்று எழுதியிருக்கிறார்.