ஜார்ஜெட்டில் அம்பிரெல்லா கட்: கீழ் ஓரம் சமமா நிக்குமா?

நூல்கண்டு:
தங்கச்சிக்கு அம்பிரெல்லா பாவாடை தைக்க பட்டு ஜார்ஜெட் எடுத்திருக்கேன். இன்னும் கத்திரி வைக்கலை. விரிச்சாலே வழுக்குது, நேரா வெச்ச ஓரம் கையை எடுத்ததும் கோணிக்குது. எப்படி வெட்டுறது, என்ன ஊசி போடுறது? இதுவரை காட்டன்தான் தைச்சிருக்கேன்.

டெய்லரக்கா:
முதல்ல ஒரு சின்னத் துண்டை வெட்டி, அளந்து, நனைச்சு, காய வெச்சு மறுபடி அளங்க. சாயம் போகுதான்னும் அதுலயே தெரிஞ்சிடும். ஜார்ஜெட்ல பாவு, ஊடை ரெண்டுமே இறுக்கி முறுக்கின நூல். வலமுறுக்கும் இடமுறுக்குமா மாறி மாறி ஓடும். அந்த முறுக்குதான் துணிக்குச் சொரசொரப்பும் துள்ளலும் தருது. தண்ணி பட்டா பட்டும் விஸ்கோஸும் நல்லாவே சுருங்கும். தைச்ச பிறகு சுருங்கினா ஒண்ணும் பண்ண முடியாதும்மா.

வெட்டும்போது ரெட்டையா மடிக்காதீங்க. அடியில மெல்லிசு பேப்பர் விரிச்சு, துணியை ஒத்தையா போட்டு, பேப்பரோட சேர்த்தே வெட்டுங்க. குண்டூசியைத் தையலுக்கு விடுற இடத்துக்குள்ளயே குத்துங்க, நடுவுல ஓட்டை தெரியும். புது ஊசி, 9-ம் நம்பர். தையலை ஆரம்பிக்கும்போது ரெண்டு நூல் நுனியையும் பின்னாடி பிடிச்சுக்கோங்க, மெஷின் துணியை உள்ளே இழுக்காது. இணைப்பெல்லாம் பிரெஞ்ச் சீம்தான், அதாவது பிசிறு உள்ளே மறையுற மாதிரி ரெண்டு தடவை தைக்கிறது. துணிக்குள்ள எல்லாம் தெரியுமே, பிசிறு வெளிய இருந்தா பார்க்கவே நல்லா இருக்காது.

ஊசிமுனை:
கீழ் ஓரத்துக்கு பீக்கோ (மெஷின்ல ஓரத்தை நெருக்கமா அடிக்கிறது) அடிச்சா வேலை சுலபமா முடிஞ்சிடுமே?

டெய்லரக்கா:
சேலைக்கு சரி. அம்பிரெல்லால பல இடம் குறுக்கு வாட்டமா, அதாவது நூல் ஓட்டத்துக்குச் சாய்வா வரும், அங்க பீக்கோ ஓரத்தை இழுத்து அலையலையா ஆக்கிடும். அலை வேணும்னா அடிங்க. நான்னா கையால உருட்டித்தான் தைப்பேன். நேரம் ஆகும், ஆனா துணி விழுற அழகே தனி.

அதுக்கு முன்னாடி இடுப்புப் பட்டியை வெச்சு ஒரு நாள் முழுக்கத் தொங்க விடுங்க. குறுக்கு வாட்டமான இடமெல்லாம் தன் கனத்துலயே இறங்கும். அப்புறம் தங்கச்சியைப் போட்டுட்டு நிக்கச் சொல்லி, தரையிலிருந்து ஸ்கேல் வெச்சு சுத்திலும் குறிங்க. இடுப்பிலிருந்து அளந்தா வராது.

நூல்கண்டு:
ரொம்ப நன்றி அக்கா. லைனிங்கையும் கீழ சேர்த்து அடிச்சிடலாமா?

டெய்லரக்கா:
வேண்டாம். இடுப்புல மட்டும் சேருங்க. ரெண்டு துணியும் ஒரே அளவு இறங்காது, சேர்த்து அடிச்சா கீழ பை மாதிரி தொங்கும். லைனிங் ஒரு இஞ்ச் குட்டையா இருக்கட்டும்.