கொலுசுப் பட்டறைக்குக் கடன்: எப்படிக் கேட்பது?

கேள்வி: சேலம் சிவதாபுரத்தில் வீட்டோடு கொலுசுப் பட்டறை போடப் போகிறேன். மெஷினுக்கும் வெள்ளிக்கும் சேர்த்துக் கடன் கேட்கலாமா, இல்லை நகையை அடகு வைத்துவிடலாமா?

பதில்: நகையைத் தொடாதீர்கள் அக்கா. மாவட்டத் தொழில் மையத்தில் பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தைப் பற்றி விசாரியுங்கள், பெண்கள் 5 சதவீதம் சொந்தப் பணம் போட்டால் போதும், கிராமப்புறம் என்றால் மானியம் 35 சதவீதம். பட்டறையைத் தொடங்கிவிட்டு மட்டும் போகாதீர்கள், புதுத் தொழிலுக்குத்தான் தருவார்கள்.

இன்னொரு பதில்: அந்த மானியம் கைக்கு வராது, 3 வருடம் வங்கியில் கிடந்துதான் கடனில் கழியும். என்னைக் கேட்டால் காசு போட்டு வெள்ளியே வாங்க வேண்டாம், செவ்வாய்ப்பேட்டை வியாபாரிகளிடம் அவர்களுடைய வெள்ளியை எடை போட்டு வாங்கிக் கூலிக்குச் செய்து கொடுங்கள், விலை இறங்கினாலும் நஷ்டம் உங்களுக்கு இல்லை. சேதாரக் கணக்கை முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேட்டவர்: சரி, அப்படியென்றால் மெஷினுக்கு மட்டும் கேட்கிறேன். ரொம்ப நன்றி.